எந்தச் சாதி என்று கேட்காத பந்தி: வடலூர் தருமச்சாலை, ஒரு நிகழ்வு ஆய்வு

வள்ளலாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்ற வரியில் தொடங்குவோம், இல்லையென்றால் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய் அவர் திரும்பி வராத அந்த இரவில் தொடங்குவோம். நான் அடுப்பில் தொடங்குகிறேன். வந்தவர்க்கெல்லாம் சோறு போட வள்ளலார் தொடங்கிய வடலூர் சத்திய தருமச்சாலையில் இருக்கும் அந்த அடுப்பு 21 அடி நீளம், அகலமும் ஆழமும் இரண்டரை இரண்டரை அடி. 1867 மே 23, வியாழக்கிழமை, பிரபவ வருடம் வைகாசி 11 அன்று மூட்டிய நெருப்பு. ராத்திரிச் சமையல் முடிந்த பிறகும் கங்கு அவிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு மறுநாள் காலையில் அதிலேயே விறகு வைத்து எழுப்புவார்கள், 150 வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. ஊரில் அதற்கு அணையா அடுப்பு என்று பெயர்.

இந்த ஒரு அடுப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, எதை மாற்ற வந்தது, எது மாறியது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பசியையும் சாதியையும் அவர் ஒரே செயலில் சேர்த்து வைத்துப் பேசினார், நாம் பசியை எடுத்துக்கொண்டு அன்னதானம் என்று பெயர் வைத்துவிட்டு, சாதியைப் பற்றி அவர் சொன்னதைப் பாடல் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. வள்ளலார் என்று நாம் சொல்லும் இராமலிங்கம் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் பிறந்தவர். அப்பா இராமையா ஊர்க் கணக்கர், அம்மா சின்னம்மை. குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட, குடும்பம் சென்னைக்கு வந்தது, ஏழுகிணறு பக்கம் குடியிருந்தது. புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் அண்ணன் சபாபதி. தம்பியைப் படிக்கவைக்க அண்ணன் பட்ட பாடும், தம்பி பள்ளிக்கூடத்துக்குப் பதில் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் போய் நின்ற கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நாளில் "தருமமிகு சென்னை" என்று பாடியவர், தருமத்துக்கென்று ஒரு சாலை கட்டியது சென்னையில் இல்லை. 1858 வாக்கில் நகரத்தை விட்டுக் கிளம்பி, வடலூருக்குப் பக்கத்துக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார், அதுவே 1872-இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. நடுவில் இருந்த "வேத" போய் "சுத்த" வந்ததைக் கவனியுங்கள், ஏழு வருடத்தில் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது அந்த ஒரு சொல் மாற்றத்திலேயே தெரிகிறது.

இடம், காலம்

1865, 66 வருடங்களில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, பல பகுதிகளில் பஞ்சம். அதற்கு அடுத்த வருடம்தான் தருமச்சாலை. பத்து வருடம் கழித்து 1876-78 தாது வருடப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்களைக் கொண்டுபோனது. இந்த இரண்டுக்கும் நடுவில் கடலூர்ச் சீமையில் ஒரு கூரைக் கொட்டகையில் அடுப்பு எரிய ஆரம்பித்தது என்பதை மறந்துவிட்டு, உயிர்களிடம் இரக்கம் என்று அவர் சொன்ன ஜீவகாருண்யத்தைப் படித்தால், அது வெறும் தத்துவமாகத் தெரியும்.

இடமும் யோசித்துப் பிடித்த இடம் மாதிரிதான் இருக்கிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பாதையும் பண்ருட்டிப் பக்கமிருந்து கும்பகோணம் போகும் பாதையும் வடலூரில்தான் வெட்டிக்கொள்கின்றன. நாலா பக்கமும் வழிப்போக்கர் நடமாட்டம். பார்வதிபுரம் கிராமத்துக் குடியானவர்கள் 80 காணி நிலத்தை, அதாவது நூறு ஏக்கருக்கு மேல், விலை எதுவும் வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். ஜமீன்தார் யாரும் மனமிரங்கிக் கொடுத்த மானியம் கிடையாது இது. உழுது பிழைத்த ஜனங்கள், பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த அடுத்த வருடம், நிலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வள்ளலாரின் பெருமையைப் பேசும்போது இவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோமே என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

அப்போது சோறு போடும் இடமே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. கோயில் மடைப்பள்ளிகள், மடங்கள், ராஜாக்கள் கட்டிய சத்திரங்கள் என்று நிறைய உண்டு. ஆனால் பிராமணருக்குத் தனிப் பந்தி, மற்றவர்களுக்கு வேறு பந்தி, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாசலுக்கு வெளியேயும் இடம் கிடையாது என்பதுதான் பொது வழக்கம். பசி எல்லோருக்கும் ஒன்று, பந்தி மட்டும் சாதிக்கு ஒன்று. தருமச்சாலை கை வைத்தது இந்த வழக்கத்தின் மேல்.

அவர் எழுதியதை அப்படியே படித்தால்

சாலை தொடங்கிய அன்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடையின் முதல் பகுதி வாசிக்கப்பட்டது. அன்னதானப் பெருமை பேசும் நூல் என்று நினைத்துக்கொண்டு திறந்தால் ஆச்சரியமாக இருக்கும். பசி மேலிடும்போது உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொரு உறுப்பாக எழுதிக்கொண்டே போகிறார். காது கும்மென்று அடைத்துப் போகிறது, கண் பஞ்சடைந்து குழி விழுகிறது, நாக்கு வறள்கிறது, பேச்சு குளறுகிறது, கைகால் துவள்கிறது, மேனி கருகுகிறது, எலும்புப் பூட்டுகள் நெக்குவிடுகின்றன என்று ஒரு மருத்துவன் குறிப்பு எடுப்பது போல வரிசையாக வரும். பட்டினி கிடந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவன் இப்படி எழுத முடியாது. பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று ஜீவர்களுக்கு வரும் துன்பங்களை ஏழாகப் பிரித்துவிட்டு, அதில் பசியையும் கொலையையும் முதன்மையாக வைக்கிறார்.

நம் கட்டுரைக்கு முக்கியமான இடம் இனிமேல்தான். பசித்து வந்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன தொழில் என்று விசாரிக்காமல், எல்லா ஜீவனிடத்திலும் கடவுள் விளக்கம் பொதுவாக இருக்கிறது என்று அறிந்து பசியாற்ற வேண்டும் என்கிறார். "விசாரியாமல்" என்பதுதான் இங்கே உயிரான சொல். சாதி இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டு வீட்டு வாசலில் விசாரிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அவர் கேள்வி கேட்கும் பழக்கத்தையே நிறுத்தச் சொல்கிறார், அதுவும் ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று சொல்லிவிட்டு. அப்படியென்றால் விசாரித்துவிட்டுப் போட்ட சோறு வழிபாட்டுக் கணக்கில் வராது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவருக்குச் சாதியை விடுவது சமூகக் காரியம் என்றும் சாமி கும்பிடுவது ஆன்மிகக் காரியம் என்றும் இரண்டு கணக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

பலன் கணக்கையும் அவர் சொல்லாமல் விடவில்லை, பசியாற்றுகிறவர்களுக்கு நோய் தீரும், பிள்ளைப்பேறு கிட்டும் என்றெல்லாம் அதே நூலில் உண்டு. நம் ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள், "விசாரியாமல்" என்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் மதியம் நானும் பந்தியில் உட்கார்ந்தேன். தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள், சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான், சூடாக இருந்தது. என் இடப்பக்கம் வெள்ளைத் துணியில் முக்காடு போட்ட ஒரு பெரியவர். வலப்பக்கம் இருபது வயசு இருக்கும் ஒரு பையன், கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான், முழங்கை வரைக்கும் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பரிமாறியவருக்கு எழுபது வயசாவது இருக்கும். குனிந்து அந்தப் பையனிடம், "ஐயா, இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றார். பையன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அவனை "டேய்", "தம்பி", "ஏப்பா" என்று கூப்பிட்டிருப்பார்கள், ஐயா என்று யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கையை நீட்டி மறைத்து, "போதுங்க ஐயா" என்றான். வள்ளலார் வழியில் இருப்பவர்களிடம் யாரையும் ஐயா, அம்மா என்றே அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது, அவர் விதைத்ததில் மிச்சமிருக்கும் நல்ல விஷயங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

இரண்டு வாசல்கள்

தருமச்சாலைக்கு ஐந்து வருடம் கழித்து, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று, ஜோதி வழிபாட்டுக்காக அவர் வடலூரிலேயே கட்டிய சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம். எண்கோணக் கட்டடம், உள்ளே கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஏழு திரை. திரைகள் விலகினால் ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு. சிலை கிடையாது. மாதப் பூசத்தில் ஆறு திரை மட்டும் விலக்குவார்கள், தைப்பூசத்தில்தான் ஏழும்.

சபைக்குள் யார் போய் விளக்கு வைக்கலாம் என்று அவர் வகுத்த விதி, எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட துணிச்சலான விதிகளில் ஒன்று. 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 72 வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள், இவர்கள் உள்ளே போய்த் தூசு துடைத்து விளக்கு வைக்கட்டும் என்றார். பரம்பரை அர்ச்சகர் கிடையாது, பூணூல் கேள்வி கிடையாது, மந்திரம் தெரியுமா என்ற கேள்வியும் கிடையாது. ஆசை இன்னும் முளைக்காத வயசு, ஆசை அடங்கிப்போன வயசு, இரண்டுதான் தகுதி. இன்றைக்கு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாமா என்று நீதிமன்றங்களில் வழக்கு நடக்கும் நாட்டில், 1872-லேயே பிறப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வயதை வைத்து விதி எழுதினார் ஒரு மனுஷன்.

ஆனால் சபை வாசலில் வேறொரு விதியும் இருக்கிறது. புலை, கொலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும். தருமச்சாலைக்கு எவரும் வரலாம், ஞானசபைக்குள் புலால் உண்பவர் வரக்கூடாது. அவர் பார்வையில் புலால் மறுத்தவர்கள் அகவினத்தார், மற்றவர்கள் புறவினத்தார், புறவினத்தாருக்கும் பசியை மட்டும் கட்டாயம் ஆற்ற வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை மறைத்து எழுத விரும்பவில்லை. பிறப்பைக் கேட்காமல் நடத்தையைக் கேட்கிறார், அது பெரிய மாற்றம்தான். உயிரைக் கொல்வதைக் கண்டு அவர் பதறியதும் பாட்டுக்காகப் பதறியது இல்லை. ஆனால் நம் ஊரில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் சாதியோடு ஒட்டியேதான் இருக்கிறது, "புலை" என்ற சொல்லே ஒரு ஜனத்தை இழிவாகச் சொல்லப் பயன்பட்ட சொல். அவர் புலால் உண்ணும் செயலைத்தான் சொன்னார், வாசலில் நின்று படிப்பவர்களில் சிலருக்கு அது வேறு மாதிரியும் கேட்கும். ஆகவே அந்த விதியைச் சைவச் சாதிகள் தங்கள் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது பெரிய தப்பு. புலால் சாப்பிடாத வீட்டில் பிறந்துவிட்டு சாதி பார்க்கிறவர், அவர் கணக்கில் எந்த இனம்? "சாதியிலே மதங்களிலே சமயநெறிகளிலே" அலைகிறவர்களைப் பார்த்து வீணே அழியாதீர்கள் என்று பாடியவர் அவர்.

எதிர்ப்பு

அடுப்பு மூட்டிய அதே 1867-இல்தான் அவர் பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சில் வந்தன, தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். பெயர்தான் சண்டையைக் கிளப்பியது. தேவாரம், திருவாசகம்தான் அருட்பா, இவை எப்படி அருட்பா ஆகும் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். விஷயம் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது. நாவலர் தமிழ் அச்சுக்கும் சைவப் பள்ளிகளுக்கும் உழைத்த பெரிய மனிதர், அவரை வில்லனாக்கிக் கதை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அவர் காக்க நினைத்தது ஒரு மரபின் எல்லையை. வள்ளலார் அந்த எல்லைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார் என்பதை நாவலர் மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால் நடந்தது அதுதான். 1871-இல் சாலையைச் சேர்ந்தவர்களுக்கு எழுதிய கட்டளையில், இறந்தவர்களை எரிக்காமல் அடக்கம் செய்யுங்கள், கருமாதி, திதி வேண்டாம், புருஷன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க, அதாவது கழற்ற, வேண்டாம், மனைவி இறந்தால் புருஷன் வேறு கல்யாணத்துக்கு அலைய வேண்டாம் என்று சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் தாலி அறுக்கும் சடங்கு எப்படிப்பட்டது என்பது நம் பாட்டிமார் வழியாகக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சடங்கை நிறுத்து என்று சொன்னது சாஸ்திர விவாதம் இல்லை, சாவு விழுந்த வீட்டுக் கூடத்துக்குள் வந்து நின்று சொன்னது.

1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடி ஏற்றிவிட்டுப் பேசிய பேருபதேசத்தில் இன்னும் மேலே போனார். சைவம், வைணவம் எதிலும் லட்சியம், அதாவது பற்று, வைக்க வேண்டாம் என்றார். தான் முதலில் சைவத்தில் வைத்திருந்த லட்சியத்துக்கு அளவே இல்லை, அது இப்போது எப்படிப் போய்விட்டது பார்த்தீர்களா என்று தன்னையே சாட்சியாக வைத்துக் கேட்டார். ஐம்பது வயசில், தன் பாட்டைப் பாடிக்கொண்டு கூட வந்தவர்கள் முன்னால், இத்தனை வருடம் நானும் அங்கேதான் இருந்தேன், இப்போது இல்லை என்று சொல்வதற்கு என்ன மனசு வேண்டும்! 1874 ஜனவரி 30, தை 19, வெள்ளிக்கிழமை இரவு அறைக்குள் போனார். அப்புறம் மாவட்ட அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்ற செய்தி தென்னாற்காடு மாவட்டக் குறிப்பிலேயே ஏறியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

பிறகு என்ன ஆயிற்று

அடுப்பு தப்பித்தது. அவருடைய சீடர் கல்பட்டு ஐயா போன்றவர்கள் சாலையைக் கட்டிக் காத்தார்கள், தாது வருடப் பஞ்சத்தையும் அது தாண்டி வந்தது. இன்றைக்கும் மூன்று வேளை சோறு, சுற்றுப்பட்டு விவசாயிகள் தைப்பூசத்துக்கு அரிசியும் காய்கறியும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

ஞானசபையின் கதை வேறு. சிலை வேண்டாம் என்று கட்டிய இடத்துக்குள் பிற்காலத்தில் லிங்கம் வந்தது, சிவாச்சாரியார் முறைப் பூசை வந்தது, 12-72 விதி காணாமல் போனது. நூறு வருடத்துக்கு மேல் போன பிறகு அன்பர்கள் சிலர் விடாமல் போராடி, 2006-இல் இந்து சமய அறநிலையத் துறை அந்தப் பூசை வள்ளலார் நெறிக்கு முரண் என்று உத்தரவு போட்டது, 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போன தெளிவான தமிழ் வாக்கியத்தை நிலைநாட்ட நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

நிலத்தின் கதையும் இப்படித்தான். 2024-இல் ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட ஆரம்பித்தபோது, பார்வதிபுரத்து ஜனங்கள் போய்ப் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். எங்கள் முப்பாட்டன்மார் கொடுத்தது ஜோதி பார்க்க வரும் கூட்டத்துக்கு வெட்டவெளியாக இருக்கத்தானே என்று கேட்டார்கள், விஷயம் உயர் நீதிமன்றம் போயிற்று. மையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு என்னவோ, 1867-இல் கொடுத்தவர்களின் வாரிசுகளை முதலில் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் படுகிறது.

தமிழ்நாடு அரசு அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது, நல்லதுதான். ஆனால் தாலி வாங்க வேண்டாம் என்ற கட்டளை எத்தனை வீட்டில் நடக்கிறது? வீட்டில் வள்ளலார் படம் மாட்டி, பூச நாளில் கஞ்சி ஊற்றி, ஊரெல்லாம் மெச்சும்படி அன்னதானம் செய்துவிட்டு, மகள் கல்யாணத்தில் சாதி பார்க்கிற குடும்பங்களை நானே அறிவேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பசித்தவனைக் கண்டால் உண்மையாகவே மனசு இளகுகிறவர்கள். சோறு போடும்போது விசாரிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள், பெண் கொடுக்கும்போது மட்டும் விசாரிக்கிறார்கள்.

அன்று பந்தி முடிந்து, கை கழுவிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்து பண்ருட்டிப் பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவரும் சாலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்தான், கையில் வள்ளலார் படம் போட்ட சின்னப் பை. நல்ல மனுஷன், ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரைச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்க எந்தத் தெருங்க நீங்க?" என்றார்.